மச்சான் வாங்கிய பூஜ்யம்

என் வாழ்நாளில் நான் வாங்கிய ஆகப் பெரிய மார்க் நானூற்றுப் பன்னிரண்டு. எஸ்.எஸ்.எல்.சி.யில்கூட நான் நானூற்றைத் தொட்டதில்லை. இந்த நானூற்றுப் பன்னிரண்டை ஒரு பக்கம்கூடப் படிக்காமல், சட்டையைக் கழற்றிவிட்டு மல்லாந்து படுத்த பத்து நிமிஷத்தில் வாங்கினேன். இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய்களில் எவ்வளவு சுண்ணாம்பு படிந்திருக்கிறது என்று ஸ்கேன் எடுத்துப் போடுகிற மார்க் அது. ஒரே சிக்கல், இந்தப் பரீட்சையில் குறைவாக வாங்குகிறவன்தான் பாஸ்.

அன்று என்னோடு உட்கார்ந்து பரீட்சை எழுதிய இன்னொருவன் என் மச்சான், என் மனைவியின் தம்பி. அவன் வாங்கியது பூஜ்யம்.

நான் கடலூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். இருபத்தைந்து வருஷமாக அடுத்தவர் பிள்ளைகளுக்குப் பூஜ்யம் போட்டுச் சம்பளம் வாங்கியவன். ஒல்லி. பீடி, சிகரெட் கிடையாது. தினமும் காலையில் மஞ்சக்குப்பத்திலிருந்து கடற்கரை வரைக்கும் கையை வீசிக்கொண்டு நடந்துவிட்டு வருவேன். வழியில் தொப்பையோடு எதிர்ப்படுகிற எவனுக்கும் இலவசமாக அறிவுரை சொல்வேன். மச்சான் அப்படியே எதிர். சிதம்பரத்தில் கீழ வீதியில் ஜெராக்ஸ், லேமினேஷன் கடை வைத்திருந்தான். காலையில் ஷட்டரைத் தூக்கியதும் ஒரு சிகரெட், மெஷின் சூடாவதற்குள் இன்னொன்று. சர்க்கரை எல்லைக்கோட்டில் ஒரு கால் வைத்து நின்றுகொண்டிருந்தது. நாள் முழுக்க உட்கார்ந்தே இருப்பான்.

அவனுக்கு ஒரு பயம் இருந்தது. அவன் அப்பா, அதாவது என் மாமனார், நாற்பத்தொன்பது வயதில் சேத்தியாத்தோப்பு பஸ் ஸ்டாண்டில் பஸ்ஸுக்கு நின்றபடியே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தவர். பஸ் வந்தது, அவர் ஏறவில்லை. நாற்பதைத் தாண்டியதிலிருந்து மச்சான் தன் வயதைச் சொல்வதில்லை. "அப்பா வயசுக்கு இன்னும் ஏழு இருக்குது மாமா", "இன்னும் ஆறு இருக்குது மாமா" என்றுதான் சொல்வான். ஐம்பதைத் தாண்டிவிட்டால் திருவந்திபுரத்தில் மொட்டை போடுவதாக வேண்டுதல் வேறு.

2008-இல் பாண்டிச்சேரியில் ஒரு ஸ்கேன் சென்டரில் இந்தப் பரிசோதனை வந்திருப்பதாக அவன் கடைக்கு ஜெராக்ஸ் எடுக்க வந்த யாரோ சொல்லியிருக்கிறார்கள். உடனே போன்.

"மாமா, ஞாயித்துக்கெழம பாண்டி போவணும். நீங்களும் வாங்க."

"எனக்கு எதுக்குடா? நான் கடல் வரைக்கும் நடக்கறவன்."

"சும்மா தொணைக்கு வாங்க மாமா. தனியா போனா அங்கேயே மயக்கம் போட்டுடுவேன்."

துணைக்குப் போனேன். போன இடத்தில், வந்ததுதான் வந்தோம், நாமும் ஒன்று எடுத்துக்கொண்டால் இவன் எதிரில் கொஞ்சம் பெருமையடிக்கலாமே என்று தோன்றியது. என் புத்தி அது. பரிசோதனைக்கு முன்னால் காபியும் சிகரெட்டும் கூடாது என்று சொல்லியிருந்தார்கள், இதயம் படபடவென்று அடித்தால் படம் கலங்கிவிடுமாம். காபி இல்லாமல் எனக்குத் தலைவலி, சிகரெட் இல்லாமல் அவனுக்குக் கோபம். ஊசி இல்லை, மருந்து இல்லை. நெஞ்சில் நாலு ஒயரை ஒட்டினார்கள். பெரிய வடை மாதிரி ஒரு மெஷின், அதன் ஓட்டைக்குள் படுக்கையோடு தள்ளினார்கள். மூச்சை இழுத்துப் பிடி என்றது ஒரு குரல். பிடித்தேன். விடு என்றது. விட்டேன். அவ்வளவுதான். எங்கள் பள்ளிக்கூடத்து மாதாந்திரத் தேர்வே இதைவிடக் கஷ்டமாக இருக்கும்.

ரிப்போர்ட் ஆளுக்கு இரண்டு தாள். முதல் தாளில் பெயர், வயது, நடுவில் பெரிய எழுத்தில் மார்க். இரண்டாவது தாள் முழுக்கப் பொடி எழுத்தில் ஆங்கிலம்.

கவுன்ட்டரில் இருந்த பெண் இரண்டு கவரையும் மாற்றிக் கொடுத்துவிட்டாள் என்றுதான் முதலில் நினைத்தேன். நினைத்ததோடு நிற்காமல் போய்க் கேட்கவும் செய்தேன். அந்தப் பெண் பெயரையும் வயதையும் படித்துக் காட்டி, "சார், நானூத்திப் பன்னெண்டு உங்களுதுதான்" என்றாள். காணாமல் போன குடையைத் தேடிக் கொடுப்பவள் மாதிரி சொன்னாள்.

மச்சான் வராந்தாவில் தன் பூஜ்யத்தைக் கையில் வைத்துக்கொண்டு அழுதான். நாற்பத்துநாலு வயது ஆண்பிள்ளை, மூக்கை உறிஞ்சிக்கொண்டு அழுதான். பிறகு எனக்கு எவ்வளவு என்று எட்டிப் பார்த்து அழுகையை நிறுத்திவிட்டான். "மாமா, இது தப்பா இருக்கும் மாமா" என்றான். அவன் குரலில் வருத்தம் இருந்தது உண்மை. அதற்கு அடியில் ஒரு சிரிப்பு இருந்ததும் உண்மை. அந்தச் சிரிப்பை நான் மன்னிக்கவில்லை. கோமாளி அடுத்தவனைச் சிரிக்க வைப்பான். தன் கஷ்டத்தைப் பார்த்து அடுத்தவன் சிரித்தால் அவனுக்குப் பிடிக்காது.

பஸ்ஸில் வரும்போது அவன் இரண்டாவது தாளை நீட்டினான்.

"இதுல என்னாமோ நெறைய எழுதியிருக்கான் மாமா. என்னான்னு பாத்து சொல்லுங்களேன்."

பார்த்தேன். அரைப் பக்கம் வரை படித்தேன் என்று நினைக்கிறேன். என் மனசு முழுக்க நானூற்றுப் பன்னிரண்டு ஓடிக்கொண்டிருந்தது. அவன் பூஜ்யத்துக்கு உரை எழுதும் நிலையில் நான் இல்லை.

"பஸ் டிக்கெட் பின்னாடி எழுதியிருப்பான் பாரு, டிக்கெட்ட பத்திரமா வச்சுக்கவும், கை நீட்டாதன்னு, அந்த மாதிரி. அவன் தப்பிக்கறதுக்கு எழுதுனது. நீ மொத பக்கத்த பாத்து சந்தோஷமா இரு."

அவன் குலுங்கிச் சிரித்தான். சிரிக்கிறவனைப் பார்த்தால் எனக்கு இன்னும் கொஞ்சம் செய்யத் தோன்றும். சட்டைப்பையிலிருந்து சிவப்பு மைப் பேனாவை எடுத்தேன். அவன் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் 'மிக நன்று' என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, தேதியும் போட்டுக் கொடுத்தேன்.

அடுத்த முறை சிதம்பரம் போனபோது அது கடையில் கடிகாரத்துக்குக் கீழே ஆணியில் தொங்கியது. சொந்த மெஷினில் சொந்தக் கையால் லேமினேஷன் செய்திருந்தான். இரண்டு தாளையும் முதுகோடு முதுகாக வைத்து ஒரே பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு ஒட்டியிருந்தான். பூஜ்யமும் என் சிவப்பு மையும் ஜனங்களைப் பார்த்தபடி. பொடி எழுத்து சுவரைப் பார்த்தபடி.

சிதம்பரத்துக்காரர்கள் எதையும் லேமினேஷன் செய்வார்கள். ரேஷன் கார்டு, ஜாதகம், கல்யாணப் பத்திரிகை, செத்துப்போனவர்களின் கடைசிக் கடிதம், எல்லாம் அவன் மெஷினுக்குள் போய்ப் பளபளவென்று வெளியே வந்திருக்கின்றன. லேமினேஷன் செய்துவிட்டால் அது அப்படியே நிற்கும், மாறாது என்று ஒரு நம்பிக்கை. தன் இதயத்தையும் அப்படித்தான் செய்து மாட்டியிருந்தான். ஜெராக்ஸ் எடுக்க வருகிறவர்களிடம், "எங்க மாமா கணக்கு வாத்தியாரு, சாதாரணமா யாருக்கும் மிக நன்று போட மாட்டாரு" என்று காட்டுவான். "பூஜ்யம் வாங்கி மிக நன்று வாங்குன ஒரே ஆளு நான்தான்." திருவந்திபுரத்து வேண்டுதலும் ரத்து. பெருமாளுக்கே ரிப்போர்ட்டைக் காட்டிவிட்டான் என்று நான் கேலி செய்தேன். முன்பு நாளைக்குப் பத்து சிகரெட் என்றிருந்தது பதினைந்து ஆயிற்று. கேட்டால் கடிகாரத்துக்குக் கீழே கையைக் காட்டுவான்.

நான் என் மார்க்கைத் தூக்கிக்கொண்டு கடலூரில் ஒரு இளம் டாக்டரிடம் போனேன். நான் வகுப்பில் பேசுவதைவிட மெதுவாகப் பேசுவார். நானூற்றுப் பன்னிரண்டு என்றால் உடனே செத்துவிடுவேன் என்று அர்த்தமில்லை, குழாய் அடைத்துவிட்டது என்றுகூட அர்த்தமில்லை, ஆனால் மற்றவர்களைவிட ஆபத்து அதிகம், அலட்சியமாக இருக்கக் கூடாது என்றார். கொழுப்புக்கு ஒரு மாத்திரை, பிரஷருக்கு ஒரு மாத்திரை. நடப்பதை விடாதீர்கள் என்றார். நான் வாய் சும்மா இராமல் கேட்டேன்.

"டாக்டர், என் மச்சான் ஊதித் தள்றான். அவனுக்கு பூஜ்யம். எனக்கு மட்டும் எப்படி?"

அவர் சிரிக்கவில்லை. "ரத்தக் குழாய் சுவர்ல முதல்ல கொழுப்பு படியும் சார். ரொம்ப நாளாச்சுன்னா அதுல சுண்ணாம்பு ஏறி இறுகிடும். இந்த ஸ்கேன் இறுகிப்போனத மட்டும்தான் எண்ணும். இறுகாத கொழுப்ப எண்ணாது. அதுவும் திடீர்னு வெடிச்சு அடைக்கலாம். பூஜ்யம் நல்ல விஷயம்தான், பொதுவா ஆபத்து கம்மிதான். ஆனா சிகரெட்டு, சர்க்கரை, அப்பா சின்ன வயசுல போனவரு, இப்படி இருக்கறவங்க பூஜ்யத்த நம்பி உக்காந்திருக்கக் கூடாது. சிகரெட்ட விடச் சொல்லுங்க. நெஞ்சு வலி வந்தா ஸ்கேன் ரிப்போர்ட்ட எடுத்துப் பாக்காதீங்க, ஈ.சி.ஜி. எடுங்கன்னு சொல்லுங்க."

சொல்லுங்க என்று அவர் இரண்டு தடவை சொன்னார். நான் சொல்லவில்லை. இதற்குப் பல காரணங்களை இத்தனை வருஷமாகத் தயார் செய்து வைத்திருக்கிறேன். சொன்னால் பொறாமையில் சொல்கிறேன் என்பான், அவன் சந்தோஷத்தை ஏன் கெடுக்க வேண்டும், போனில் சொல்கிற விஷயமா இது, இப்படி. எல்லாவற்றையும் அடித்துவிட்டுப் பார்த்தால் மிஞ்சுவது ஒன்றுதான். நல்ல ஜோக் ஒன்று வைத்திருந்தேன், ஊரெல்லாம் ஓடிக்கொண்டிருந்தது. அதை நானே எழுந்து தப்பு என்று சொல்ல மனம் வரவில்லை.

பொறாமையும் இருந்தது, இல்லை என்று சொல்லவில்லை. அந்த மூன்று வருஷம் எங்கள் குடும்பத்தில் நான் கண்ணாடிப் பாத்திரம். என் மனைவி தேங்காய்ச் சட்னியை வீட்டை விட்டு ஒதுக்கி வைத்துவிட்டாள். விசேஷத்தில் பந்தியில் உட்கார்ந்தால் எனக்கு இரண்டு இட்லி, எதிரில் மச்சானுக்கு மட்டன் குழம்பு. "அக்கா, நானூத்திப் பன்னெண்டுக்கு சாம்பார் ஊத்து" என்பான். பெயரே அதுவாகிவிட்டது. பிச்சாவரம் போனோம், படகில் துடுப்புக்குக் கையை நீட்டினேன். "நீங்க ஒக்காருங்க மாமா, உங்களுக்கு ஒண்ணுன்னா அக்காவுக்கு யாரு பதில் சொல்றது" என்று பிடுங்கிக்கொண்டான். அன்பாகத்தான் சொன்னான். எனக்கு அது இறங்கவில்லை.

2011 கடைசியில் புயல் வந்து கடலூரைப் புரட்டிப் போட்டது. எங்கள் வீட்டு மாமரம் வேரோடு சாய்ந்து காம்பவுண்டுச் சுவரையும் கேட்டையும் அடைத்துக்கொண்டு கிடந்தது. நாள் கணக்கில் கரண்ட் இல்லை. மரம் வெட்டுகிற ஆள் ஒருத்தன் கிடைக்கவில்லை, ஊரில் எல்லார் வீட்டிலும் மரம் விழுந்திருந்தது. சிதம்பரத்தில் அவ்வளவு சேதமில்லை. ஜனவரி முதல் வாரத்தில் ஒரு நாள் காலை பஸ்ஸில் மச்சான் வந்து இறங்கினான். கையில் இரவல் ரம்பம், அரிவாள், மெழுகுவத்திக் கட்டு. சொல்லியனுப்பவில்லை, கூப்பிடவில்லை. வந்தான்.

நான் வேட்டியை மடித்துக் கட்டினேன். அவன் பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றைத் தூக்கி வந்து போட்டான்.

"நானூத்திப் பன்னெண்டு இங்க ஒக்காரணும். ஜீரோ வேல செய்யும்."

உட்கார்ந்தேன். அந்த நாற்காலியில் உட்கார்ந்து ஒரு மனிதன் மரம் அறுப்பதை வேடிக்கை பார்த்தேன். சும்மா பார்த்தால் பரவாயில்லை, வர்ணனையும் செய்தேன். "அப்பிடித்தான் மச்சான், ஜெராக்ஸ் எடுக்கற மாதிரியே அறுக்கறியே, ஒரே மாதிரி ரெண்டு துண்டா வருது பாரு." அக்கம்பக்கத்தில் விழுந்த கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தவர்களும் சிரித்தார்கள்.

பதினொரு மணி இருக்கும். ரம்பத்தைக் கீழே போட்டுவிட்டு அடிமரத்தின் மேல் உட்கார்ந்தான். மார்கழிக் காற்றில் அவன் பனியன் நனைந்து ஒட்டியிருந்தது. முகம் சாம்பல் நிறத்தில் இருந்தது. இடது தோளைத் தேய்த்துக்கொண்டான்.

"மாமா, நெஞ்சுல யாரோ கல்ல வச்ச மாதிரி இருக்குது. தாடையெல்லாம் இழுக்குது."

நான் என்ன சொன்னேன் என்பதை ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல் எழுதுகிறேன். "ஜீரோ வாங்குனவனுக்கு நெஞ்சு வலிக்க ரூல்ஸ்ல எடமில்ல மச்சான். வலிச்சா எனக்குத்தான் வலிக்கணும். உனக்கு வந்திருக்கறது கேஸு."

அவன் சிரித்தான். சாம்பல் முகத்தோடு சிரித்தான். "அதானே" என்றான்.

என் மனைவி பெருங்காயத்தைக் கரைத்து மோரில் கொண்டுவந்து கொடுத்தாள். குடித்துவிட்டு அரைமணி நேரம் படுத்தான், வலி குறைந்துவிட்டது என்றான். கேஸ் என்ற என் கணிப்பு சரியாகிவிட்டதில் எனக்குப் பெருமை. சாப்பிட்டுவிட்டு மறுபடியும் ரம்பத்தை எடுத்தான், மறுபடியும் நடுவில் நின்றான், தோளைத் தேய்த்தான், முடித்தான். கேட் திறந்தது.

நாலு மணிக்குக் கிளம்பும்போது என் மனைவிக்குத்தான் மனசு கேட்கவில்லை.

"டேய், அந்த டாக்டரு ரெண்டு தெரு தள்ளித்தான் இருக்காரு. ஜெனரேட்டரு போட்டு வச்சிருக்காரு. காட்டிட்டுப் போயிடேன்."

மச்சான் என்னைப் பார்த்தான். போகட்டுமா என்று கேட்கிற பார்வை அது, கேலி இல்லை. எனக்கு டாக்டர் சொன்னது அத்தனையும் அந்த இடத்தில் ஞாபகம் வந்தது. ஈ.சி.ஜி. எடுங்கன்னு சொல்லுங்க. அதைச் சொல்லியிருந்தால் மூன்று வருஷமாக ஏன் சொல்லவில்லை என்று வந்திருக்கும். காலையிலிருந்து அடித்த ஜோக்கெல்லாம் என் முகத்தில் திரும்பி விழுந்திருக்கும்.

"அவன அனுப்பு. பஸ்ஸு போயிடும்" என்றேன்.

மறுநாள் காலை ஒன்பது மணிக்குக் கடை ஷட்டரைப் பாதி தூக்கியவன் அப்படியே உட்கார்ந்துவிட்டான். பக்கத்துக் கடைக்காரர்கள் ஆட்டோவில் ஏற்றியிருக்கிறார்கள். ஆஸ்பத்திரி வாசலில் உயிர் இல்லை. எங்கள் செல்போன்கள் சார்ஜ் இல்லாமல் கிடந்தன. பக்கத்துக் கடைக்காரர் ஒருவர் மோட்டார் சைக்கிளில் கடலூர் வரைக்கும் வந்து, அவன் அறுத்துப் போட்ட துண்டுகளைத் தாண்டி உள்ளே வந்து சொன்னார். அவனுக்கு நாற்பத்தெட்டு வயது. அப்பா வயதுக்கு இன்னும் ஒன்று பாக்கி இருந்தது.

சாவு வீட்டில் எல்லாரும் என்னைத்தான் உட்காரச் சொன்னார்கள். "நீங்க அலட்டிக்காதீங்க, உங்களுக்கு ஹார்ட்டு சரியில்ல." தோள் கொடுக்கப் போனேன், விலக்கிவிட்டார்கள். அங்கேயும் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி கிடைத்தது.

காரியமெல்லாம் முடிந்து ஒரு மாதம் கழித்து மச்சான் மனைவி கடையைத் திறந்தாள். மெஷின் எல்லாம் அவளுக்கும் தெரியும். உதவி ஏதாவது வேண்டுமா என்று கேட்கப் போனேன். கடிகாரத்துக்குக் கீழே என் சிவப்பு மை கொஞ்சமும் மங்காமல் இருந்தது. லேமினேஷன் அல்லவா.

அவள் ஸ்டூலில் ஏறி அதைக் கழற்றினாள். திருப்பினாள். அந்தப் பக்கத்தை அவளும் அன்றுதான் முதல் தடவையாகப் பார்க்கிறாள் போலிருந்தது.

"இதுல என்னாண்ணே எழுதியிருக்குது?"

பழக்க தோஷத்தில் ஏதோ ஒன்று நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கினேன். மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வரி வரியாகத் தமிழில் சொன்னேன். இந்த எண் சுண்ணாம்பை மட்டும் காட்டும். சுண்ணாம்பு ஏறாத கொழுப்பு இருந்தால் இதில் தெரியாது. பூஜ்யம் என்பதால் மாரடைப்பே வராது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. புகை பிடிப்பவர்கள், சர்க்கரை உள்ளவர்கள், குடும்பத்தில் சிறு வயதில் மாரடைப்பு வந்தவர்கள் மருத்துவரிடம் தனியாகக் கேட்க வேண்டும். நெஞ்சு வலி, தோள் வலி, தாடை வலி, வியர்வை வந்தால் இந்த எண் என்னவாக இருந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

வகுப்பில் இவ்வளவு தெளிவாக நான் எதையும் சொல்லிக்கொடுத்ததில்லை.

அவள் அழவில்லை. அதை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

"பஸ் டிக்கெட் பின்னாடி எழுதுற மாதிரின்னு சொன்னீங்களே, அது இதுதானாண்ணே?"

எனக்குப் புரிந்தது. அந்த ஜோக்கை அவன் வீட்டில் சொல்லியிருக்கிறான். கடையில் சொல்லியிருக்கிறான். யாராவது பின்னால் என்ன இருக்கிறது என்று கேட்டபோதெல்லாம், மாமா சொன்னாரு, என்று ஆரம்பித்துச் சொல்லியிருக்கிறான்.

"ஆமாம்மா" என்றேன்.

வாசலில் ஒரு காலேஜ் பெண் வந்து நின்று, "அக்கா, இதுல ரெண்டு காப்பி" என்றாள். மச்சான் மனைவி மறுபடியும் ஸ்டூலில் ஏறினாள். பொடி எழுத்து வெளியே தெரியும்படி அதே ஆணியில் மாட்டினாள். என் கையெழுத்து சுவர்ப் பக்கம் போயிற்று. இறங்கி வந்து காப்பி எடுத்துக் கொடுத்தாள். என்னை வாங்க என்றும் சொல்லவில்லை, போங்க என்றும் சொல்லவில்லை.

நான் மாத்திரை போட்டுக்கொண்டு நன்றாகத்தான் இருக்கிறேன். சிதம்பரம் போனால் கோயிலுக்கு அந்தக் கடை இருக்கும் கீழ வீதி வழியாகப் போவதில்லை, தெற்கு வீதி, மேல வீதி என்று சுற்றிக்கொண்டு போகிறேன். தூரம் ஜாஸ்திதான். நடப்பது இதயத்துக்கு நல்லது என்று டாக்டரே சொல்லியிருக்கிறார்.